கவுந்தியடிகள் கேட்காத கேள்வி

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் வரும் ஒரு நிகழ்ச்சி அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளோடு காவிரியின் தென்கரைச் சோலை ஒன்றில் தங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பரத்தையும் ஒரு வீணனும் வந்து ஏளனம் பேச, கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்தியடிகள் அவளைப் பார்த்து, "நீ ஏனம்மா இந்தச் சோலைக்கு வந்தே?" என்று கேட்கவில்லை. ஏளனம் செய்தவர்களைத்தான் நரிகளாகும்படி சபித்தார். பிறகு கோவலனும் கண்ணகியும் இரங்கிக் கேட்டதால் அச்சாபத்துக்கு ஓராண்டு எல்லை வகுத்தார்.

அடிகள் கேட்காத அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். சித்தூரில் நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். என் தங்கை மகள் வெளியூரில் கல்லூரி சேர்ந்த இரண்டாம் வருஷம், சீனியர் பையன் ஒருவன் வழிமறித்துக் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று வீட்டில் சொன்னாள். குடும்பத்துக்குப் பெரியவனாக நான் செய்த நியாயம், அவள் படிப்பை நிறுத்தியதுதான். அவன் பட்டம் வாங்கினான், இவள் வாங்கவில்லை. பல வருஷம் கழித்து, "சொன்னதுதான் மாமா நான் செஞ்ச தப்பு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போய்விடும் என்ற இந்தப் பயந்தான் கயவர்களுக்கு ஆயுதம். 2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். வீடியோவைக் காட்டிவிடுவேன் என்பதே அவனுடைய மிரட்டல். அந்த மாணவி அதற்கு அஞ்சி ஒடுங்கவில்லை, போலீசில் புகார் கொடுத்தார். இடையில் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து அவருடைய அடையாளம் தெரிந்துபோனது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்து, அவருக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடும் வழங்கச் சொன்னது. 2025 ஜூன் 2இல் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 வருஷத்துக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்றும் சொன்னது. புகார் கொடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு!

என் மருமகள் காலத்தில் இல்லாத வழிகள் இப்போது இருக்கின்றன. பெற்றோர் அறிய வேண்டியவை வருமாறு:

முதலாவது, கல்லூரிக்குள்ளேயே உள்ள புகார்க் குழு. 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. தலைவர் மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்தும் ஒருவர் உண்டு. மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் மாணவப் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். துணைவேந்தர், பதிவாளர் போன்றோர் இதில் உறுப்பினராக முடியாது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. பெண்ணால் முடியாத நிலையில் உறவினரோ, கூடப் படிப்பவரோ தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை எதிராளியை வேறு பிரிவுக்கு மாற்றும்படி கேட்கலாம். ஆக, படிப்பை விட்டு வர வேண்டியவள் நம் பெண் அல்ல.

இரண்டாவது, போலீஸ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். இதை 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். மாநில எல்லையில் வாழும் நமக்கு இது பெரிய உதவி. பெண் வேலூரில் படித்தாலும் சென்னையில் படித்தாலும், சித்தூரிலேயே புகார் தரலாம். வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக உடனே முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். அவர் பெயரை வெளியிடுவது குற்றம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

மூன்றாவது, நம்ம வீட்டுப் பையன்கள். வழிமறித்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் அப்படித்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நாம் சொல்லவில்லை.

அட்மிஷனுக்குப் போகும்போது ஹாஸ்டல் பீஸ், சாப்பாடு எல்லாம் விசாரிக்கிறோம். புகார்க் குழுவில் யார் யார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணைப் பஸ் ஏற்றும் முன், "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லும்மா, உன் படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய வார்த்தை அது.