சம்பளக்காரர்களின் கோல்ஃப் திடல்

மார்சிலிங் வீட்டிலிருந்து கோல்ஃப் பையோடு நான் கிளம்பினால் மரினா பே திடலுக்குத்தான். 18 குழிகள் கொண்ட பொதுத் திடல் சிங்கப்பூரில் அது ஒன்றுதான் இருந்தது. பெருந்தொகை கொடுத்து மன்றத்தில் சேர வேண்டாம். அன்றைய கட்டணம் போதும். வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவிலும் விளக்கு எரியும்.

4ஆம் குழிமேல் எனக்குத் தனிப் பிரியம். ஒரு குழிக்குப் பந்தைச் சேர்க்க வழக்கமாக 3, 4 அல்லது 5 அடிதான் கணக்கு, அதுதான் ‘பார்’. இங்கே 6! உலகிலேயே அபூர்வம். முதல் அடியில் பலம் காட்டிப் பயனில்லை. ஆழமான மணற்குழிகளில் விழாமல் பந்தைப் பொறுமையாக நகர்த்த வேண்டும்.

நிலக் குத்தகை முடிந்து, 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். நிலத் தட்டுப்பாடு புரிகிறது. ஆனாலும் மன்றங்களுக்கு ஒதுக்கும் நிலத்தில் ஒரு பங்கு எங்களுக்கும் வேண்டும்.