பாஜியோவுக்கு முன்னாடி மிஸ் பண்ணவர்: ஃபிராங்கோ பரேஸி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

1994 உலகக் கோப்பை ஃபைனல்னு சொன்னா கால்பந்து பாக்குற எல்லாருக்கும் ஒரே ஒரு படம்தான் ஞாபகம் வரும். ரொபெர்ட்டோ பாஜியோ பெனால்டியை மேல தூக்கி அடிச்சிட்டு, இடுப்புல கை வெச்சு, தலையைக் குனிஞ்சு நிக்கிறாரு. பின்னாடி பிரேசில் ஆளுங்க ஓடிட்டு இருக்காங்க. நான் அப்போ பிறக்கவே இல்ல. ஆனாலும் எனக்கே அந்தப் படம் நேர்ல பாத்த மாதிரி இருக்கு.

இந்த எபிசோட் பாஜியோ பத்தி கிடையாது. அவருது இத்தாலியோட அஞ்சாவது பெனால்டி. அதுக்கு முன்னாடி, அந்த ஷூட்அவுட்டோட முதல் கிக்கையே ஒருத்தர் கோல்போஸ்டுக்கு மேல அடிச்சிருப்பாரு. 34 வயசு. இத்தாலி கேப்டன். 24 நாளைக்கு முன்னாடி அதே உலகக் கோப்பையில முட்டி போய், ஆபரேஷன் பண்ணிட்டு, நேரா ஃபைனலுக்குத் திரும்பி வந்து 120 நிமிஷம் ஆடி முடிச்சவர். அவர்தான் ஃபிராங்கோ பரேஸி.

எனக்கு ஏன் இந்தக் கதை பிடிக்கும்னா, டிஃபெண்டர் வேலையே ஒரு விநோதமான வேலை. ஸ்ட்ரைக்கர் கோல் அடிச்சா ஸ்கோர்போர்டுல பேர் வரும். டிஃபெண்டர் தன் வேலையைச் சரியா செஞ்சா ஒண்ணுமே நடக்காது. நடக்காத விஷயத்தை எங்க எழுதுறது? விக்கெட் கீப்பர் மாதிரிதான். பந்தை விட்டா மட்டும்தான் அவர் பேர் வரும். நம்ம ஆபீஸ்ல சர்வர் டவுன் ஆகாம பாத்துக்கிறவங்களுக்கும் இதே கதிதான், ஆனா அந்தப் புலம்பலை இன்னொரு எபிசோடுக்கு வெச்சுக்கலாம்.

சரி, ஆரம்பத்துல இருந்து வருவோம். 1960 மே 8, வட இத்தாலியில பிரெஷியா பக்கத்துல திராவல்யாட்டோங்கிற சின்ன ஊர். அண்ணன் ஜுசெப்பேவை இன்டர் மிலன் எடுத்துக்கிச்சு. தம்பி ஃபிராங்கோவும் அங்கேயே போய்ப் பாத்தாரு. ரொம்பச் சின்னப் பையனா இருக்கான்னு வேண்டாம்னுட்டாங்க. அதே நகரத்தோட இன்னொரு கிளப்பான ஏசி மிலன் சேத்துக்கிச்சு. இருபது வயசு ஆகறதுக்குள்ள அப்பா, அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அண்ணனும் தம்பியும் ஒரே ஊர்ல எதிரெதிர் கிளப்ல வளர்ந்தாங்க. வளர்ந்தும் பரேஸி உயரம் 176 சென்டிமீட்டர்தான். நடு டிஃபெண்டருக்கு அது கம்மி.

1978 ஏப்ரல்ல, 18 வயசு நிறையறதுக்கு முன்னாடி, வெரோனாவுக்கு எதிரா சீரி ஆ-ல முதல் மேட்ச். அடுத்த சீசன்ல, 1978-79ல, மிலன் லீக் சாம்பியன். பையனுக்கு எல்லாமே ஏறுமுகம்னு நினைக்கிறப்போதான் கதை திரும்புது.

1980ல இத்தாலியில ஒரு பெரிய சூதாட்ட ஊழல் வெடிச்சது. தோட்டோநேரோன்னு பேரு. மேட்ச் முடிவுகளை முன்கூட்டியே பேசி வெச்சு, சட்டவிரோதமா பணம் கட்டுற ஆட்டம். அதுல மிலன் கிளப் தலைவரே மாட்டினாரு. தண்டனையா மிலனை ரெண்டாவது டிவிஷனான சீரி பி-க்குத் தள்ளிட்டாங்க. ஒரு வருஷத்துல திரும்ப மேல வந்தாங்க. உடனே 1981-82ல மறுபடியும் கீழ. இந்தத் தடவை ஊழல் எல்லாம் இல்ல, ஆடத் தெரியாம தோத்துதான் போனாங்க. அந்த சீசன்ல பரேஸி ரத்தம் சம்பந்தமான ஒரு நோயால சில மாசம் ஆடவே இல்ல.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. அதே 1982 கோடையில ஸ்பெயின்ல உலகக் கோப்பை. இத்தாலி டீம்ல பரேஸி இருக்காரு. இத்தாலி ஜெயிக்குது. அவர் ஒரு நிமிஷம்கூட ஆடல. அதாவது 22 வயசுல அவர் உலக சாம்பியன், அதே நேரத்துல ரெண்டாவது டிவிஷன் ஆட்டக்காரர். கழுத்துல உலகக் கோப்பை மெடல், அடுத்த வாரங்கள்ல சின்னச் சின்ன ஊர் மைதானங்கள்ல சீரி பி மேட்ச்.

இன்னைக்கா இருந்தா அவரோட ஏஜென்ட் அன்னிக்கு ராத்திரியே நாலு கிளப்புக்கு போன் போட்டிருப்பாரு. பரேஸி போகல. மிலன் அவரைக் கேப்டன் ஆக்குச்சு. இதை நான் பெரிய தியாகம்னு எல்லாம் சொல்ல வரல. அவரைப் பாக்க அப்பா அம்மா இல்லாத நேரத்துல வீடு மாதிரி இருந்த இடம் அந்த கிளப். விட்டுட்டுப் போக மனசு வரலேன்னு நான் புரிஞ்சுக்கிறேன். ஆனா விலை கொடுத்தாரு. 1986 உலகக் கோப்பைக்குத் தேர்வாளர் கூட்டிட்டுப் போன பரேஸி, அண்ணன் ஜுசெப்பே!

1986ல சில்வியோ பெர்லுஸ்கோனி மிலனை வாங்கினாரு. 1987ல ஒரு கோச்சைக் கூட்டிட்டு வந்தாரு, பேரு ஆரிகோ சாக்கி. இவர் தொழில்முறையா கால்பந்தே ஆடாதவர். அப்பாவோட ஷூ வியாபாரத்துல வேலை பாத்தவர். சீரி பி-ல இருந்த பார்மா டீமை வெச்சு, இத்தாலிய கோப்பையில மிலனை ரெண்டு தடவை தோக்கடிச்சிருந்தாரு. சரி, இவனையே வாங்கிடலாம்னு பெர்லுஸ்கோனி முடிவு பண்ணிட்டாரு.

இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நிதானமா போவோம்.

அதுவரைக்கும் இத்தாலிய டிஃபன்ஸ் எப்படின்னா, ஒவ்வொரு டிஃபெண்டரும் எதிர் டீம்ல ஒருத்தரைப் பிடிச்சுக்குவாரு. அவர் டீ குடிக்கப் போனாலும் பின்னாடியே போகணும். இவங்க எல்லாருக்கும் பின்னாடி ஒருத்தர் யாரையும் பிடிக்காம தனியா நிப்பாரு. யாராவது தப்பிச்சு வந்தா தடுக்கறது அவர் வேலை. அவர்தான் லிபெரோ. பரேஸி வளர்ந்தது அந்த லிபெரோவாதான்.

சாக்கி சொன்னது: பின்னாடி யாரும் நிக்க வேண்டாம். நாலு பேரும் ஒரே கோட்டுல நில்லுங்க. ஆளைப் பிடிக்காதீங்க, இடத்தைப் பிடிங்க. அதோட கோட்டை முன்னாடி தள்ளுங்க. கடைசி டிஃபெண்டர்ல இருந்து முதல் ஸ்ட்ரைக்கர் வரைக்கும் மொத்த டீமும் சுமார் 25 மீட்டருக்குள்ள இருக்கணும்.

அப்போ பின்னாடி இருக்குற அம்பது மீட்டர் காலி இடம்? அதைக் காப்பாத்துறது ஆஃப்சைடு விதி. பாஸ் கொடுக்குற அந்த நொடியில, அதை வாங்கப் போறவர் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்னா ஆஃப்சைடு. 1990 வரைக்கும் சமமா நின்னாலே ஆஃப்சைடுதான். அதனால எதிராளி பாஸ் கொடுக்கறதுக்கு அரை நொடி முன்னாடி நாலு பேரும் சேர்ந்து ரெண்டு அடி முன்னாடி வெச்சா, ஸ்ட்ரைக்கர் சும்மா நின்ன இடத்துலயே மாட்டிக்குவாரு.

கேக்க ஈஸியா இருக்கு. நாலு பேர்ல ஒருத்தர் ஒரு அடி லேட்டானாலும் மொத்தமும் போச்சு, எதிராளி தனியா கோல்கீப்பர் முன்னாடி நிப்பாரு. எப்போ முன்னாடி போகணும், எப்போ பின்னாடி ஓடணும்? இத்தாலிய கோச்சுகள் இதுக்கு ரெண்டு வார்த்தை வெச்சிருக்காங்க: மூடின பந்து, திறந்த பந்து. பந்து வெச்சிருக்குறவர் மேல நம்மாளு ஒருத்தர் நெருக்கிட்டு இருந்தா, அவரால தலை தூக்கிப் பாத்து நீளமா அடிக்க முடியாது. அது மூடின பந்து, கோடு முன்னாடி போகலாம். அவருக்கு நேரம் இருந்தா அது திறந்த பந்து, உடனே பின்னாடி. ஒரு மேட்ச்ல இந்த முடிவை நூத்துக்கணக்கான தடவை எடுக்கணும். மிலன்ல அதை எடுத்தவர் பரேஸி. வலது பக்கம் டசோட்டி, பக்கத்துல கோஸ்டகுர்த்தா, இடது பக்கம் சின்னப் பையன் பாவ்லோ மால்டினி. மூணு பேரும் பாக்குறது பரேஸியைத்தான். அவர் கால் முன்னாடி போச்சுன்னா இவங்க காலும் போகும். பழைய வீடியோல பாருங்க, லைன்ஸ்மேன் கொடி தூக்கறதுக்கு முன்னாடியே பரேஸி கை மேல இருக்கும்.

இன்னொண்ணு. வந்த புதுசுல சாக்கி, பார்மாவுல தன்கிட்ட ஆடின சிக்னோரினிங்கிற டிஃபெண்டரோட வீடியோக்களை பரேஸிக்குப் பாக்கக் கொடுத்தாராம். யோசிச்சுப் பாருங்க. நீங்க டீம் லீட், பத்து வருஷ அனுபவம், புது மேனேஜர் வந்து சின்ன கம்பெனில இருந்த ஒருத்தரோட வேலையைக் காட்டி 'இப்படிப் பண்ணு'ங்கிறாரு. நானா இருந்தா அன்னிக்கே ரெஸ்யூமே அப்டேட் பண்ணியிருப்பேன். பரேஸி 27 வயசுல தன் வேலையை மறுபடியும் முதல்ல இருந்து கத்துக்கிட்டாரு.

சாக்கி சொல்லியிருக்குற கதை ஒண்ணு இருக்கு. குல்லிட்டும் வான் பாஸ்டனும், 'இவ்வளவு டிரில் எதுக்கு?'ன்னு கேட்டுட்டே இருந்தாங்களாம். அதனால ஒரு பந்தயம். ஒரு பக்கம் கோல்கீப்பரும் இந்த நாலு டிஃபெண்டர்களும், மொத்தம் அஞ்சு பேர். எதிர்ல குல்லிட், வான் பாஸ்டன் உட்பட பத்து பேர். கால் மணி நேரம். பத்து பேரால ஒரு கோல்கூட அடிக்க முடியல.

சாக்கியோட முதல் சீசன்லயே மிலன் லீக் சாம்பியன். 30 மேட்ச்ல வாங்கின கோல் 14. அப்புறம் 1989லயும் 1990லயும் ஐரோப்பியக் கோப்பை. 1989 செமிஃபைனல்ல ரியல் மாட்ரிட்டை 5-0ன்னு சான் சிரோ மைதானத்துல துவைச்சு எடுத்தாங்க. அந்த வருஷம் பாலன் டோர் விருதுல முதல் மூணு இடமும் மிலன் ஆளுங்கதான்: வான் பாஸ்டன், பரேஸி, ரைக்கார்ட். அப்புறம் சாக்கி போய் கபெல்லோ வந்தாரு. 1993-94ல மிலன் 34 லீக் மேட்ச்ல அடிச்சது வெறும் 36 கோல், ஆனா வாங்கினது 15. அதை வெச்சே சாம்பியன். டிஃபெண்டர் வேலைக்கு ஸ்கோர்போர்டு இல்லன்னு சொன்னேன்ல? கிட்டத்தட்ட அந்த 15தான்.

இப்போ 1994க்கு வருவோம். நியூயார்க் பக்கத்துல ஜூன் 23, நார்வேக்கு எதிரா மேட்ச். இத்தாலி கோச் இப்போ சாக்கிதான். கோல்கீப்பர் பல்யூகா சிவப்பு அட்டை வாங்கிட்டாரு. பத்து பேரோட ஆடிட்டு இருக்கும்போது செகண்ட் ஹாஃப் ஆரம்பத்துலயே பரேஸியோட முட்டியில மெனிஸ்கஸ் கிழிஞ்சிடுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சது, அவர் கதை முடிஞ்சது. 34 வயசு, இனி அடுத்த உலகக் கோப்பை கிடையாது. ஆபரேஷன் நடந்தது.

இத்தாலி எப்படியோ தட்டுத் தடுமாறி ஃபைனல் வந்துடுச்சு. ஆனா டசோட்டிக்கும் கோஸ்டகுர்த்தாவுக்கும் தடை. நாலு பேர் கோட்டுல மிச்சம் மால்டினி மட்டும். ஜூலை 17, பாசடீனா, ரோஸ் பவுல். டிவி நேரத்துக்காக நட்ட நடு மத்தியானம், 12:30க்கு ஆட்டம். சாக்கி பரேஸியை இறக்குறாரு.

அந்தத் தொடர்ல பிரேசில் அதுவரைக்கும் ஆடின ஆறு மேட்ச்லயும் கோல் அடிச்சிருந்தது. முன்னாடி ரொமாரியோ, பெபெட்டோ. அன்னிக்கு 120 நிமிஷம் ஆடியும் ஒண்ணும் அடிக்க முடியல. கோலே இல்லாம முடிஞ்ச முதல் உலகக் கோப்பை ஃபைனல் அதுதான். கடைசி நேரத்துல பரேஸிக்குத் தசைப்பிடிப்பு, நிக்க முடியல. ஆனாலும் முதல் பெனால்டிக்கு அவர்தான் நடந்து வந்தாரு. 1990 செமிஃபைனல்ல அர்ஜென்டினாவுக்கு எதிரா முதல் கிக் அடிச்சதும் அவர்தான், அது கோல். இது மேல போயிடுச்சு. அப்படியே முழங்கால் போட்டு உக்காந்துட்டாரு. முடிஞ்சதும் சாக்கி தோள்ல சாஞ்சு அழுதாரு.

பெனால்டி மிஸ் பண்ணது புள்ளிவிவரத்துல இருக்கு. அந்த 120 நிமிஷத்துக்கு ஒரு கட்டம்கூட இல்ல. என்னைக் கேட்டா, ஒரு இத்தாலிய டிஃபெண்டர் ஆடின மிகச் சிறந்த மேட்ச் அதுதான். கன்னவாரோவோட 2006ஐச் சொல்லி கமென்ட்ல சண்டைக்கு வாங்க, நான் ரெடி.

1997ல ஓய்வு. மிலனுக்கு மட்டும் 20 சீசன், 719 மேட்ச். அவரோட 6-ஆம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் தர மாட்டோம்னு கிளப் சொல்லிடுச்சு. உலகக் கோப்பையில தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணும் அவர்கிட்ட இருக்கு. தங்கம் மட்டும் ஆடாம கிடைச்சது.

அந்த 1994 ஃபைனலோட முழு வீடியோ கிடைச்சா ஒரு வேலை பண்ணுங்க. பந்தைப் பாக்காதீங்க. நீல ஜெர்சியில 6-ஆம் நம்பரை மட்டும் பாருங்க. ரொமாரியோ ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவர் எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாருன்னு கவனிச்சு, எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பாப்போம்.