செய்தவன் சிறைக்குப் போனான், வைத்திருந்தவர்கள்?

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கோர்ட்டு வாசல் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் திவ்யப் பிரபந்தம் சேவிக்கும் உரிமை தென்கலையாருக்கா, வடகலையாருக்கா என்ற தகராறில் 1882-இலும் 1915-இலும் சென்னை ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்ததே தவிர தகராறு தீர்ந்தபாடில்லை. 2022-இலும் அதே ஹைகோர்ட்டின் முன் அதே சண்டை. கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் இடுவது என்ற வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போன கதையைத் திண்ணையில் உட்கார்ந்து கேளாதவர் இந்த ஊரில் இல்லை. கதையில் உப்பும் புளியும் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

தெய்வத்தின் பேரால் வழக்காடுவதில் இவ்வளவு அனுபவமுள்ள ஊருக்கும், ஏன், இந்தத் தேசத்துக்குமே, அதிகம் பழக்கமில்லாத வழக்கு ஒன்று உண்டு. படிக்கவோ, தங்கி வளரவோ, தொண்டு செய்யவோ ஒரு சமய ஸ்தாபனத்தில் விட்ட குழந்தையை அங்குள்ள குருவோ பாதிரியாரோ கெடுத்துவிடுகிறார். கெடுத்தவர் மீது போலீஸ் நடவடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அவரை அந்தப் பதவியில் வைத்து, புகார் வந்தபோதும் வாய்மூடி இருந்த ஸ்தாபனத்தின் மீதே, “உங்கள் அஜாக்கிரதையால் என் வாழ்வு பாழாயிற்று, நஷ்ட ஈடு கொடுங்கள்” என்று தாவா போடுவதுதான் அந்த வழக்கு.

காந்தி ரோட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுப் புடவை வாங்குகிறவர், ஜரிகை போலி என்று தெரிந்தால் நெய்தவர் வீட்டைத் தேடிப் போவதில்லை. சங்கத்திடம்தான் வந்து கேட்கிறார். இன்ன தறியில் போலி ஜரிகை ஓடுகிறது என்று முன்பே தெரிந்திருந்தும் சங்கம் அந்தப் புடவையை விற்றிருந்தால், பிறகு கேட்க வேண்டியதே இல்லை. புடவைக்கு உள்ள இந்த நியாயம் குழந்தைக்கும் உண்டா என்பதே கேள்வி.

உதகையிலிருந்து மின்னசோட்டாவுக்கு

இந்தக் கேள்வி ஒரு முறை தமிழ்நாட்டின் வாசலுக்கே வந்தது. உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற பாதிரியார், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணிக்குச் சென்றார். கிரீன்புஷ் என்ற சிற்றூரில் 2004, 2005 ஆண்டுகளில் பதின்வயதுப் பெண்கள் இருவரிடம் முறைகேடாக நடந்ததாக அவர் மீது புகார் எழுந்தது. அதற்குள் அவர் இந்தியா திரும்பிவிட்டார்.

அங்கே கிரிமினல் வழக்கு பதிவாகிக் காத்துக் கிடக்க, இங்கே அவர் பிஷப் அலுவலகத்தில் மறைமாவட்டப் பள்ளிகள் சம்பந்தமான காகித வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2010-இல் பத்திரிகைகள் இதை வெளியிட்ட பிறகுதான் விஷயம் உலகம் அறிய வந்தது. 2012-இல் கைது, 2014-இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015-இல் ஒரு பெண் சம்பந்தமான குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். மற்றப் பெண் சம்பந்தமான குற்றச்சாட்டு அந்த உடன்பாட்டின்படி கைவிடப்பட்டது. தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். விசாரணைக் காலத்துச் சிறைவாசமே அதற்குச் சரியாகிவிட, ஊருக்கு அனுப்பப்பட்டார். 2016 தொடக்கத்தில், ரோமாபுரியைக் கலந்துகொண்டு, உதகை பிஷப் அவருடைய தற்காலிக நீக்கத்தை ரத்து செய்தார்.

கிரிமினல் வழக்கின் கணக்கு அதோடு முடிந்தது. சிவில் வழக்கின் கணக்கு வேறு. குற்றச்சாட்டு கைவிடப்பட்ட பெண் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர் போட்டிருந்த சிவில் வழக்கில், 2011-இலேயே குரூக்ஸ்டன் மறைமாவட்டம் 7,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டிருந்தது. நீக்கம் ரத்தான செய்தி எட்டியதும், 2016-இல் அவர் உதகை மறைமாவட்டத்தையே பிரதிவாதியாக்கி அமெரிக்கக் கோர்ட்டில் மீண்டும் வழக்குத் தொடுத்தார். நீலகிரி மலைமேல் இருக்கும் ஓர் அலுவலகம் மின்னசோட்டா கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் கேட்டது சாமானியமான காரியமல்ல.

பீரோவைத் திறந்த வழக்கு

பணத்தைவிடப் பெரிய பயன் ஒன்று இந்த வழக்குகளில் உண்டு. கிரிமினல் கோர்ட்டு ‘இவன் செய்தானா?’ என்று கேட்கிறது. சிவில் கோர்ட்டு, ‘உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்தபின் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில், ஸ்தாபனத்தின் பூட்டிய பீரோவில்தான் இருக்கிறது.

பாஸ்டன் நகரில் நடந்தது அதுதான். புகாருக்கு ஆளான பாதிரிகளை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றி மாற்றி அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் கோர்ட்டு உத்தரவால் 2002-இல் வெளியே வந்தன. அவ்வருஷ டிசம்பரில் பேராயர் கர்தினால் லா ராஜினாமா செய்தார். மறுவருஷம் 552 பேருக்கு எட்டரைக் கோடி டாலர் கொடுக்க உயர்மறைமாவட்டம் ஒப்புக்கொண்டது. லாஸ் ஏஞ்சலிஸ் உயர்மறைமாவட்டம் 2007-இல் கொடுத்தது 66 கோடி டாலர்.

இதெல்லாம் கிறிஸ்தவ சபையின் கதை என்று பெருமாள் கோயில் பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதி அடைவதற்கில்லை. கிருஷ்ண பக்தி இயக்கமான இஸ்கான் 1971-இல் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் ஒரு குருகுலம் தொடங்கியது. பிறகு பிருந்தாவனத்திலும் மாயாபூரிலும் குருகுலங்கள் ஏற்பட்டன. பக்தர்கள் ஊர் ஊராகத் தொண்டுக்குப் போக, பிள்ளைகள் விடுதிகளில் வளர்ந்தார்கள். அங்கே அடி, பட்டினி, அதற்கு மேலும் சொல்லக் கூசும் கொடுமைகள் நடந்ததை இயக்கத்தின் சொந்தப் பத்திரிகையே 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 44 பேர் சேர்ந்து, இயக்கத்தையும் அதன் நிர்வாகக் குழுவினரையும் எதிர்த்து 40 கோடி டாலர் கேட்டு டல்லஸில் வழக்குப் போட்டார்கள். மத்தியக் கோர்ட்டு அதைத் தள்ளியது. மாநிலக் கோர்ட்டுக்குப் போனார்கள். பிரதிவாதிகளான கோயில்கள் சில 2002-இல் திவால் பாதுகாப்புக் கோரின. 2005-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்காக 95 லட்சம் டாலர் என்று முடிவாயிற்று. கேட்டதில் நாற்பதில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனாலும், இந்திய மண்ணில் இருந்த குருகுலங்களில் நடந்தவற்றுக்கும் சேர்த்து இயக்கம் பதில் சொல்ல நேர்ந்தது.

பிரதிவாதி யார்?

வழக்குப் போட முதலில் ஒரு பிரதிவாதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதுவே பெரிய முட்டுக்கட்டை ஆயிற்று. சிறுவயதில் சிட்னி கோயில் ஒன்றில் பூசைக்கு உதவி செய்தவர், வளர்ந்து வழக்குப் போட்டபோது, ‘சபை என்பது சட்டப்படி ஒரு நபரே அல்ல, சொத்தை வைத்திருக்கும் டிரஸ்டிகளுக்கும் பாதிரியாருக்கும் சம்பந்தமில்லை’ என்று 2007-இல் தீர்ப்பாயிற்று. அந்த ஓட்டையை அடைக்க நியூ சௌத் வேல்ஸ் மாநிலம் 2018-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அந்தச் சங்கடம் அவ்வளவு இல்லை. கோயில் மூர்த்தியே சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்று பிரிவி கௌன்சில் 1925-இலேயே சொல்லியாகிவிட்டது. வரதருக்காக வழக்குப் போடலாம், வரதர் மேலும் போடலாம். கோயில்களுக்கு அறநிலையத் துறையும் நிர்வாக அதிகாரியும், மடத்துக்கு மடாதிபதியும், மறைமாவட்டத்துக்குப் பதிவு பெற்ற சங்கமும், மசூதிக்கு முத்தவல்லியும் இருக்கிறார்கள். சம்மன் வாங்க ஆள் உண்டு.

பள்ளிக்கூடம் பதில் சொன்ன வரலாறும் உண்டு. 1995-இல் டல்ஹௌசி பள்ளி மாணவர்கள் 14 பேர் சுற்றுலாவின்போது பியாஸ் நதியில் மூழ்கி இறந்தார்கள். கூடப் போன ஆசிரியர்களின் அஜாக்கிரதைக்கு நிர்வாகமே பொறுப்பு என்று, ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2001-இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

ஆனால் அஜாக்கிரதை வேறு, வேண்டுமென்றே செய்த குற்றம் வேறு என்பார் எதிர்க்கட்சி வக்கீல். “வேதம் சொல்லிக் கொடுக்கத்தான் வைத்தோம், அவர் செய்தது எங்கள் வேலையா?” என்பார். 1978-இல் ஒரு வங்கி வழக்கில், ஊழியர் தம் வேலைக்கு வெளியே செய்த மோசடிக்கு முதலாளி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் எடுத்து வைப்பார். இங்கிலாந்திலும் பழைய சட்டம் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்து ஒருவரை விடுதிக் காப்பாளராக வைத்தபின், அந்தப் பொறுப்பையே கருவியாக்கி அவர் செய்த குற்றத்துக்கு வைத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே பிரபுக்கள் சபை 2001-இல் மாற்றிச் சொன்னது. இந்தியாவில் அந்தச் சண்டையைக் கடைசி வரை நடத்த ஒரு வாதி வேண்டும்.

கஜானா கொடுக்கிறது

இங்கே நடைமுறை வேறு விதம். திருச்சியை அடுத்த பாத்திமா நகர் ஆசிரமத்துப் பிரேமானந்தாவுக்கு, ஆசிரமத்துப் பெண்களைக் கற்பழித்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2011-இல் அவர் காலமானார். தண்டனையோடு 67 லட்ச ரூபாய்க்கு மேல் அபராதமும் போடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். பணத்தின் நினைப்பு வந்ததே அபூர்வம்தான். அதுவும் குற்றவாளிக்குப் போட்ட அபராதம்.

2012-இல் வந்த போக்சோ சட்டம் பெரிய முன்னேற்றம். சமய ஸ்தாபனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் குற்றம் செய்தால் தண்டனை கடுமை கூடும். தம் கீழ் உள்ளவர் செய்த குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத ஸ்தாபனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைக்கு நஷ்ட ஈடும், வழக்கு முடியுமுன்பே இடைக்கால உதவியும் கொடுக்க விசேஷக் கோர்ட்டு உத்தரவிடலாம். உத்தரவான 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டியது மாநில அரசு.

கொடுக்கிறது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் கஜானாவிலிருந்து வருகிறது. தறி நெய்கிறவர் கட்டும் வரியும் அதில் உண்டு. மடத்து உண்டியலிலிருந்தோ, மறைமாவட்டக் கணக்கிலிருந்தோ ஒரு காசு நகர்வதில்லை. பீரோவும் திறப்பதில்லை. ஆவணங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வழி நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு சிவில் வழக்கு இருந்தால்தானே?

இருபத்தொன்றில் சாத்தும் கதவு

வழக்கு ஏன் வருவதில்லை என்றால், மானத்துக்கு அஞ்சுவது முதல் காரணம். ‘சாமி குற்றம்’ என்று ஊர் சொல்லும். பாட்டியே வாயைப் பொத்துவாள். இரண்டாவது காரணம் காலவரம்பு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, சிறு வயதில் நேர்ந்த தீங்குக்குப் பொதுவாக 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட்டாக வேண்டும். 21-ஆவது பிறந்த நாளோடு கதவு சாத்தப்படுகிறது. போக்சோ புகாருக்கு அப்படி வரம்பு கிடையாது என்று 2018-இல் மத்திய அரசு விளக்கியது. சிவில் வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை.

பத்து வயதில் நடந்ததை முப்பது, நாற்பது வயதில்தான் பலரால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதை ஒப்புக்கொண்டு, சாத்திய கதவைச் சில காலத்துக்குத் திறந்துவிட்டன: கலிபோர்னியா 2003-இலும் 2020-இலும், நியூயார்க் 2019-இலும். பிரபந்தம் யார் சொல்வது என்பதை நூறாண்டு கழித்தும் கேட்க இடமுள்ள நாட்டில், குழந்தையின் வழக்குக்கு மூன்றே ஆண்டு.

அந்த மூன்றாண்டு இன்னும் கையில் உள்ளவர்களுக்குச் சில வழிகள் உண்டு. பதினெட்டு ஆகாத குழந்தைக்காகப் பெற்றோரோ, அக்கறையுள்ள வேறு பெரியவரோ காப்பாளராக நின்று வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் தாவாத் தொகைக்கேற்ற கோர்ட்டுக் கட்டணம் 2017-இல் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைந்தது. அதுவும் முடியாதவர், ஏழை என்று மனுக் கொடுத்துக் கட்டணமின்றி வழக்காடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவானாலும் சட்ட உதவிக் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். இப்போதே ஆபத்தில் உள்ள குழந்தைக்கு 1098 என்ற எண் இருக்கிறது. இரவிலும் எடுக்கிறார்கள்.