உப்புவெளிப் பந்தயமும் ஓர் இருக்கையின் விலையும்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, வளைந்து செல்லும் பாதையில் பத்துப் பன்னிரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்த முயலும் காட்சியேயாகும். சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் முன்னாளில் நடைபெற்று வந்த பந்தயங்களை நேரிற் கண்டவர்கள் நம் மூத்த நேயர்களுள் சிலர் இருக்கக்கூடும். ஆனால், எதிராளி எவரும் இன்றி ஒரே ஒரு வண்டி தன்னந்தனியே நேர்கோட்டில் ஓடி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் பந்தயமும் உலகில் உண்டு. அதற்கு நில வேகப் பந்தயம் என்று பெயர்.

இப்பந்தயத்தில் ஈடுபடும் அமெச்சூர் ஓட்டுநர்கள் பிழைப்புக்கு வேறு தொழில் செய்பவர்கள். மாலை வேளையிலும் விடுமுறை நாளிலும் வீட்டுக் கொட்டகையில் வண்டியை உருவாக்குகிறார்கள். வெற்றி பெற்றாலும் பரிசுப் பணம் கிடைப்பதில்லை. சாதனை ஏட்டில் பெயர் ஏறுவதே பரிசு. செலவழிக்கும் ஒவ்வொரு காசும் குடும்பப் பணமே. ஆகவே, கையில் உள்ள அளவான பொருளை எதற்கு முதலிற் செலவிடுவது, எதிற் சிக்கனம் காட்டுவது என்ற கேள்வி அவர்களுக்கு ஆண்டுதோறும் எழுகிறது. ஓட்டுநர் அமரும் இருக்கையை எடுத்துக்கொண்டு அக்கேள்வியை ஆராய்ந்தால், குடும்பம் நடத்தும் நமக்கும் பயன்படக்கூடிய சில உண்மைகள் புலப்படும்.

உப்புவெளி

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில், வெண்டோவர் என்னும் சிற்றூருக்கு அருகே, பானவில் உப்புவெளி பரந்து கிடக்கிறது. பன்னெடுங் காலத்துக்கு முன் அங்கிருந்த மாபெரும் ஏரியொன்று வற்றிப்போக, அடியில் எஞ்சிய உப்பே இன்று தளம் போட்டாற்போல் இறுகி நிற்கிறது. மரமில்லை, மேடில்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையே. 1935-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஸர் மால்கம் காம்பெல், மணிக்கு 300 மைல் வேகத்தை முதன்முதலாக இவ்விடத்தில்தான் கடந்தார். 1947-இல் ஜான் காப் என்பவர் அதனை 394 மைலாக உயர்த்தினார்.

அவர்கள் பெரும்பொருட் செலவில் வந்தவர்கள். சாமானியர்கள் இங்கு வந்தது 1949-இல். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய கார்களைச் செப்பனிட்டு ஓட்டிவந்த இளைஞர்கள் 1937-இலேயே தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் என்ற அமைப்பை நிறுவியிருந்தார்கள். அச்சங்கமே பானவில்லில் ‘வேக வாரம்’ என்னும் விழாவைத் தொடங்கியது. இன்றும் ஆகஸ்டு மாதத்தில், மழையும் உப்பும் இடங்கொடுத்தால், அவ்விழா நடைபெறுகிறது. எந்திரத்தின் அளவுக்கும் வண்டியின் அமைப்புக்கும் ஏற்ப நூற்றுக்கணக்கான பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாதனை உண்டு. 200 மைல் வேகத்துக்கு மேற்பட்ட சாதனையால் அவ்வேகத்தார் மன்றத்தில் இடம் பெறுவோர்க்குக் கிடைப்பது ஒரு சிவப்புத் தொப்பி. அத்தொப்பிக்காகப் பல்லாண்டுகள் உழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் ஆர்வத்தை என்னென்பது!

சிக்கனம் இவ்விளையாட்டின் பிறப்போடு கலந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர் விமானங்களின் இறக்கைக்கு அடியில் மாட்டப்பட்ட பெட்ரோல் தொட்டிகள் மலிவாக விலைக்கு வந்தன. 1946-இல் பில் பர்க் என்பவர் அத்தகைய தொட்டி ஒன்றையே வண்டியின் உடலாக்கி ஓட்டினார். காற்றைக் கிழித்துச் செல்ல ஏற்ற வடிவம், விலையோ அற்பம். இன்றளவும் அவ்வகை வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

வேகத்தின் கணக்கு

வேகம் இரட்டித்தால் ஆபத்தும் இரட்டிக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதனினும் கடியது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 60 மைல் வேகத்தில் உள்ள ஆற்றலைப்போல் 120 மைலில் நான்கு மடங்கும், 240 மைலில் பதினாறு மடங்கும் உண்டு. உப்புவெளியில் மோதுவதற்குச் சுவர் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும், சக்கரம் பிடிப்பிழந்து வண்டி பக்கவாட்டில் திரும்பிவிட்டால், அது சுழன்றும் பலமுறை உருண்டும் செல்லக்கூடும். அப்போது ஓட்டுநரின் உடல் முன்னும் பின்னும் மட்டுமன்றி, இடமும் வலமும், மேலும் கீழுமாக எறியப்படும்.

மனித உடல் இதனைத் தாங்குமா? அமெரிக்க விமானப் படை மருத்துவரான ஜான் பால் ஸ்டாப் தம் உடலையே சோதனைப் பொருளாக்கி இதற்கு விடை கண்டார். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தம்மை வார்களால் இறுகக் கட்டிக்கொண்டு, மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்று, ஒன்றரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் நின்றார். அவர் உடல் தன் எடையைப்போல் 46 மடங்கு விசையைத் தாங்கியது. கண்களின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை மங்கியதேயன்றி, அவர் உயிர்பிழைத்து 1999 வரை வாழ்ந்தார். உடல் இருக்கையோடு ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்குமாயின், நாம் எண்ணுவதைவிட மிகுதியாகத் தாங்கவல்லது என்பதே அச்சோதனை புகட்டிய பாடம்.

தலை ஒன்று மட்டும் தனியே

உடலைக் கட்டிவிட்டால் தலை என்ன ஆவது? தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ளவை. விசை ஐம்பது மடங்கானால் அவ்வாறு கிலோ முந்நூறு கிலோவாகிக் கழுத்தை இழுக்கிறது. மார்பு கட்டுண்டு நிற்க, தலை மட்டும் முன்னே பாயுங்கால், மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. 1981-இல் பட்ரிக் ஜாக்மார் என்ற பந்தய ஓட்டுநர் இவ்வாறு இறந்தார். அவருடைய நண்பரும் ஓட்டுநருமான ஜிம் டவுனிங், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தம் உறவினர் ராபர்ட் ஹப்பர்டிடம் இதற்கு வழி காணுமாறு வேண்டினார். தோள்மீது அமர்ந்து, வார்களால் அழுத்தப்பட்டு, தலைக்கவசத்தை இரு சிறு கயிறுகளால் பிடித்துக்கொள்ளும் ‘ஹான்ஸ்’ என்னும் கழுத்துக் காப்பு அவ்வாறு பிறந்தது.

பயனுள்ள அப்பொருளைப் பல்லாண்டுகள் பலர் அணியவில்லை. வசதியில்லை என்றனர் சிலர். விலை மிகுதி என்றனர் சிலர். 2001 பிப்ரவரியில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் டேடோனாவில் அதே வகை முறிவால் மாண்ட பின்னரே, அவ்வாண்டு அக்டோபரில் அப்பந்தய அமைப்பு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. அறிவு இருந்தும், பொருள் இருந்தும், பல ஆண்டுகள் வீணாயின.

நல்ல இருக்கையின் இலக்கணம்

இனி, இருக்கைக்கு வருவோம். வீட்டு நாற்காலிக்கு மென்மை அழகு. பந்தய இருக்கைக்கு அதுவே பகை. மெத்தென்ற நுரைப்பஞ்சின்மேல் அமர்ந்தால், அதிர்ச்சி நேரும்போது பஞ்சு அமுங்குகிறது. இறுக்கியிருந்த வார் தளர்கிறது. உடல் இடைவெளியில் வேகமெடுத்துப் பின் மோதுகிறது. ஆகவே, உடலுக்கும் இருக்கைக்கும் இடையே வெற்றிடம் இராமல், கையுறை விரலைப் பற்றுவதுபோல் இருக்கை உடலைப் பற்றவேண்டும். இடுப்பு, விலா, தோள் ஆகிய மூன்றும் இருபுறமும் தாங்கப்படவேண்டும். தலைக்கவசத்தின் இருபக்கமும் சிறகுபோல் தடுப்பு இருக்கவேண்டும். இவ்வாறு முழுதும் அணைத்துக்கொள்ளும் இருக்கையே உருளும் வண்டிக்கு ஏற்றது.

உலோகங்களுள் அலுமினியம் பெரிதும் விரும்பப்படுகிறது. அது மோதலில் வளைந்து ஆற்றலை உட்கொள்கிறது, விலையும் மட்டானது. கார்பன் இழையால் ஆன இருக்கை எடை குறைந்தது, விறைப்பு மிக்கது. ஆனால் விலை பன்மடங்கு. கடும் விபத்தில் அகப்பட்ட அலுமினிய இருக்கையைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தலாகாது. ஒருமுறை வளைந்த உலோகம் மறுமுறை அவ்வாறு காக்காது.

இருக்கை எத்துணைச் சிறந்ததாயினும், அதனை மெல்லிய தகட்டுத் தரையில் திருகினால் பயனில்லை. ஓட்டுநரைச் சூழ்ந்துள்ள எஃகுக் குழாய்க் கூண்டோடு அது பிணைக்கப்படவேண்டும். இடுப்பு வார் வயிற்றின்மேல் ஏறாமல் இடுப்பெலும்பின்மேல் படியவேண்டும். தோள் வார்கள் தோள்மட்டத்திலோ சற்றே தாழ்ந்தோ பின்செல்லவேண்டும். உடல் வாருக்கு அடியில் நழுவாதிருக்கத் தொடையிடை வார் வேண்டும். நீண்டு ஒடுங்கிய வண்டிகளில் ஓட்டுநர் ஏறக்குறையப் படுத்தவாறே செல்வதால், கடையில் விற்கும் இருக்கை அங்கே பொருந்துவது அரிது. அத்தகையோர், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில், தம் உடலுக்கென்றே இருக்கை செய்துகொள்கிறார்கள்.

இத்தனை கட்டுக்களுக்கு நடுவே ஒன்றை மறத்தலாகாது. தீப்பிடித்தால் ஓட்டுநர் பிறர் உதவியின்றித் தாமே விரைந்து வெளியேற முடியவேண்டும். பந்தயத்திற்குமுன் பரிசோதகர்கள், முழு உடையோடு அமர்ந்த ஓட்டுநரை வெளியேறிக் காட்டச் சொல்வது இதற்காகவே. காக்கும் இருக்கை சிறையாகிவிடலாகாது.

செலவும் சிக்கனமும்

இவற்றின் விலை என்ன? முழுதும் அணைக்கும் அலுமினிய இருக்கைக்குச் சில நூறு டாலர் முதல் ஓரிரண்டாயிரம் டாலர் வரை ஆகலாம். கார்பன் இருக்கை பல ஆயிரம் டாலருக்குச் செல்லும். எந்திரத்திற்கும், வண்டியை இழுத்துச் செல்வதற்கும், வெண்டோவரில் தங்குவதற்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்லதோர் அலுமினிய இருக்கையின் விலை சிறு பங்கே. எனினும், வேகத்தைக் கூட்டும் உறுப்புக்கு மகிழ்ந்து பணம் கொடுக்கும் கை, இருக்கைக்குக் கொடுக்கும்போது தயங்குகிறது. ஏனெனில், எந்திரத்தின் பயன் அன்றே தெரியும். இருக்கையின் பயன் தெரியாமற் போவதே நலம்.

அனுபவமுள்ளோர் கையாளும் வழிகள் சில உள. முதலாவது, அமைப்பின் அவ்வாண்டு விதிநூலை வாங்கிப் படித்த பின்னரே பொருள் வாங்குவது. பரிசோதகர் ஏற்காத இருக்கைக்குக் கொடுத்த பணம் உப்பில் கொட்டிய நீர். இரண்டாவது, ஆண்டுக் கணக்குப் பார்த்தல். எஸ்.எப்.ஐ. முத்திரையுள்ள வார்களுக்குப் பொதுவாக இரண்டாண்டு ஆயுள், எப்.ஐ.ஏ. முத்திரையுள்ளவற்றுக்கு ஐந்தாண்டு. விலை கூடினும் பின்னதே சில வேளை மலிவாக முடியும். அமைப்பு அதனை அத்தனை காலம் ஏற்குமா என்று மட்டும் முன்னரே கேட்டறியவேண்டும். மூன்றாவது, கூட்டு முயற்சி. இரண்டு மூன்று நண்பர்கள் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். வெளிக்கூடு ஒன்றாக இருக்க, ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப விறைப்பான நுரையை வார்த்துத் தனித்தனி உள்ளணை செய்துகொள்வர். நான்காவது, சிறிய எந்திரப் பிரிவில் தொடங்குவது. வேகம் குறைவு, செலவு குறைவு. சாதனையின் பெருமையோ குறைவதில்லை.

பழைய பொருள் வாங்கலாமா? எந்திரம், பல்சக்கரப் பெட்டி, சக்கரம் ஆகியவற்றைச் சோதித்து வாங்கலாம். வரலாறு தெரியாத தலைக்கவசம், வார், இருக்கை ஆகிய மூன்றை மட்டும் வாங்கலாகாது. அவை பட்ட அடி கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் காருக்குப் பயன்படுத்துவதும் தவறு. கார்ப் பந்தயக் கவசம் தீயையும், கூண்டுக் குழாயில் மோதுவதையும் தாங்குமாறு தனியே சோதிக்கப்படுவது. உப்போ உலோகத்தின் எதிரி. பந்தயம் முடிந்ததும் இருக்கையைக் கழற்றி, நன்னீரால் கழுவி, திருகாணிகளைப் பார்த்து மாற்றுவது காசில்லாத காப்பு. மேலும், மழையாலும் உப்பின் நிலையாலும் 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் வேக வாரம் நடைபெறவில்லை. ஆகவே, கடன் வாங்கி ஓர் ஆண்டை நம்பி இறங்குவது அறிவுடைமையன்று.

சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவர் நியூஜிலாந்தின் பர்ட் மன்ரோ. 1920-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தம் கொட்டகையில் பல்லாண்டுகள் செப்பனிட்டு, பிஸ்டன்களையும் தாமே வார்த்து, 1967-இல், தமது 68-ஆம் வயதில், பானவில்லில் 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சாதனை நிறுவினார். அவ்வண்டியின் பெயர் ‘இந்தியன்’. அமெரிக்கத் தயாரிப்பேயன்றி நம் நாட்டோடு தொடர்புடையதன்று. அவரிடம் கற்கவேண்டியது பட்டறைச் சிக்கனம். அக்காலத்தில் அவர் அணிந்த எளிய உடையையும் காப்பையும் இன்று எந்தப் பரிசோதகரும் ஏற்கமாட்டார், ஏற்காதிருப்பதே நன்று.

நமக்கு

நம்மில் எவரும் உப்புவெளிக்குச் செல்லப்போவதில்லை. ஆயினும், ஊர்விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தைப் பங்கிட்டு வாழும் நம் குடும்பங்கள் நாள்தோறும் சாலையில் செல்கின்றன. ஸ்கூட்டர் வாங்கிய பின் மீந்த பணத்தில் தலைக்கவசம் வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, தாடைப் பட்டை சரியாகப் பூட்டுகிறதா, முன்பு கீழே விழுந்து அடிபட்டதா என்று பார்ப்போர் எத்தனை பேர்? காரின் பின்னிருக்கையில் அமர்வோரும் பட்டை அணியவேண்டும் என்பது சட்டம், அணிவோர் சிலரே. குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். முந்நூறு கிலோவாகும் தலையின் கணக்கை நினைத்தால், எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது என்பது விளங்கும். குழந்தைக்கெனச் செய்த இருக்கை ஆடம்பரமன்று.

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்? வேகமும் பயணமும் சித்திரம், உடல் சுவர். அடுத்த முறை வண்டிக்கெனப் பணம் ஒதுக்கும்போது, செலவுப் பட்டியலின் முதல் வரியில் காப்புப் பொருளை எழுதுங்கள். மீதிக்கு ஏற்ற வண்டியை அதன்பின் தேர்ந்தெடுங்கள்.