பேசாமல் படிப்பவரும் உறுப்பினரே

மருத்துவரால் தர இயலாத ஒரு துணையை அதே நோயுள்ள இன்னொருவரால் தர இயலும் என்பதைத் தமிழ்நாடு எச்.ஐ.வி. வழியாகவே ஆழமாக அறிந்துகொண்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா மேற்கொண்ட ஆய்வு, இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. அதன்பின் தொற்றுள்ளவர்களை உறவும் ஊரும் ஒதுக்கிய ஆண்டுகளில் அவர்களை ஏற்றுக்கொண்ட முக்கியமான இடம் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய அந்த மருத்துவமனை, 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது, அதன் தொடக்க மையங்களுள் ஒன்றாகவும் இருந்தது.

மருந்து வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே துணை வந்துவிட்டது. தொற்றுள்ளவர்களே கூடி 1997இல் ஐ.என்.பி. பிளஸ் என்னும் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டே, பி. கௌசல்யா முன்னிற்க, பெண்களுக்கென்று பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் உருவாயிற்று. கணவன் வழியாகத் தொற்றைப் பெற்று, அவன் இறந்தபின் பழியையும் சுமந்த பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் வாய் திறப்பது எளிதாக இருந்திருக்க முடியாது என்பதால், இந்தத் தனி அமைப்பு மிகத் தேவையான ஒன்று.

சமூக ஆதரவு என்று ஆய்வாளர்கள் சொல்வதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் நான்காகப் பகுத்தார்: மனத்துக்குத் தரும் ஆறுதல், செயல்வழி உதவி, தகவல், ஒருவர் தம் நிலையைத் தாமே மதிப்பிட உதவும் கருத்து. நடைமுறையில் இவை பிரிந்து வருவதில்லை. முன்பு பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் மாத்திரை தலைசுற்றலையும் விசித்திரமான கனவுகளையும் உண்டாக்கியதால், அதைப் படுக்கப் போகுமுன் விழுங்கச் சொல்வார்கள். அதை விழுங்கிப் பழகிய ஒருவர், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, சில வாரத்தில் குறைந்துவிட்டது" என்று சொல்லும்போது, தகவலும் ஆறுதலும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்கின்றன.

இன்று இந்தப் பேச்சின் பெரும்பகுதி செல்பேசிக் குழுக்களுக்கு நகர்ந்திருக்கிறது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள படப்பையைச் சுற்றி, ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளுக்காக அறை எடுத்துத் தங்கும் தொழிலாளரை எண்ணினால் அதன் காரணம் விளங்கும். வாரந்தோறும் ஷிப்ட் மாறும் ஒருவரால் குறித்த நேரத்துக் கூட்டத்துக்கு வர இயலாது. ஒடியாவோ இந்தியோ பேசுபவருக்கு உள்ளூர்க் கூட்டம் புரியாது. முப்பது மாத்திரை கொண்ட குப்பியைப் பக்கத்துப் படுக்கைக்காரர் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்ற கேள்வியை நேரில் கேட்க எவருக்கும் கூச்சமிருக்கும். நள்ளிரவில் திரையில் கேட்டுவிடலாம்.

இத்தகைய குழுக்களில் எழுதுபவர் சிலர், படிப்பவர் பலர் என்பது எங்கும் காணப்படும் நிலை. வாய் திறவாத உறுப்பினரைப் பயனற்றவராகக் கருதுவது தவறு. பிறர் கேட்ட கேள்வியிலேயே அவர் தம் விடையைப் பெற்றுக்கொள்கிறார், துணிவு வரும்வரை காத்திருக்கவும் அவருக்கு உரிமையுண்டு. ஆயினும் பதில் சொல்லத் தொடங்குபவர் பெறுவது வேறுவகைப் பயன். பிறருக்கு உதவுவதால் உதவுபவரே நலமடைகிறார் என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். நேற்றுவரை நோயாளியாக மட்டும் நடத்தப்பட்டவர், புதிதாக வந்தவருக்கு வழி சொல்லும்போது, அறிவும் பொறுப்பும் உள்ளவராகத் தம்மைத் திரும்பக் காண்கிறார்.

அபாயங்களும் உண்மையானவை. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவரின் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியும். ஒரே ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) வெளியே போனால் ஒருவருடைய வேலையும் வாடகை அறையும் பறிபோகலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சைக்கு மாறச் சொல்லும் குரல்களும் நுழையும் என்பதால், மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் ஏ.ஆர்.டி. மையத்தின் முடிவு மட்டுமே என்பதில் குழுவை நடத்துபவர் உறுதியாக நிற்கவேண்டும்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும், ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. இந்தப் பாதுகாப்பை அறிந்த தொழிலாளி குழுவில் பேசத் துணிவார். அதனால் 1097 என்ற இலவச உதவி எண்ணோடு இச்சட்டத்தின் சுருக்கமும், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், ஒவ்வோர் ஆலையின் அறிவிப்புப் பலகையிலும் தொழிலாளர் விடுதியிலும் ஒட்டப்படவேண்டும்.