கட்டட வரைபடத்தில் மரங்களுக்கும் இடம்

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தில்லியில் சரோஜினி நகர் முதலிய அரசு ஊழியர் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்திற்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்தன. மக்கள் எதிர்த்தனர், உயர்நீதிமன்றமும் தலையிட்டது. அதன் பின்னரே வடிவமைப்பை மாற்ற அரசு முன்வந்தது. வரைபடம் தீட்டும் வேளையிலேயே மரங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மனையை அளக்கும்போதே மரங்களையும் பதிவு செய்தல் முதற்படியாகும். ஒவ்வொரு மரத்திற்கும் எண் இட்டு, அதன் இனம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு, கிளைப்பரப்பு, உடல்நிலை, அடியிலுள்ள தரைமட்டம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். இப்பதிவேடு கையிலிருந்தால், சாலையையும் குழாய்ப் பாதையையும் சற்றே விலக்கிப் பல மரங்களைக் காக்க இயலும். மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம், நகர்ப்புற மரங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப் பணிக்கிறது.

வெட்டாது விடுவதால் மட்டும் மரம் பிழைத்துவிடாது. நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, கிளைப்பரப்பையும் கடந்து படர்ந்துள்ளன. செங்கற்களைக் குவிப்பதாலும் லாரிகள் செல்வதாலும் மண் இறுகுகிறது. வேர்களுக்குக் காற்றோட்டம் தடைப்படுகிறது. மரம் பட்டுப்போவது சில ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும். ஆதலின், பணி தொடங்குமுன்னரே கிளைப்பரப்பின் எல்லையிலேனும் வேலி அமைத்தல் இன்றியமையாதது.

பெயர்த்து நடுவதும் முழுமையான மாற்றாகாது. தில்லி அரசு 2022இல் உயர்நீதிமன்றத்தில் அளித்த கணக்கின்படி, முந்தைய மூன்றாண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் 5,487 மட்டுமே பிழைத்தன. நின்ற இடத்திலேயே மரத்தைக் காப்பதே சிறந்த திட்டமிடலாகும்.