கொழுந்தின் எடையும் கம்பெனிக் கணக்கும்

ஆவணி மாதம் பிறந்துவிட்டால் மூணாறு லயங்களில் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷம் போனஸ் எத்தனை சதவீதம்?" கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்ணும் இதையே கேட்கிறாள், எஸ்டேட் ஆபீஸில் செக்ரோல் எழுதும் குமாஸ்தாவும் இதையே கேட்கிறார். அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால், "கம்பெனி கொடுப்பது" என்பார் சிலர். "யூனியன் வாங்கித் தருவது" என்பார் வேறு சிலர். உண்மையில் அது பிறப்பது கணக்குப் புத்தகத்தில்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். தோட்டத்தை வைத்திருப்பதா, விற்பதா. தொழிற்சாலையை ஓட்டுவதா, பூட்டுவதா. கூலியை எவ்வளவு உயர்த்துவது என்ற முடிவுகள் யாவும் அளந்துதான் எடுக்கப்படுகின்றன. அளக்கும் கோல் எது என்பது தெரியாதவர்கள், முடிவு வந்த பிறகு வருத்தப்படத்தான் முடியும். இதற்கு மூணாற்றைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை.

விற்பதென்ற முடிவு

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைக் கம்பெனி ஏற்பட்டது 1897-ஆம் ஆண்டில். நெல்லை, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து போடி வழியாக மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களே காட்டைத் தோட்டமாக்கின. வெள்ளைக்கார ஃபின்லே கம்பெனியின் கையிலிருந்த தோட்டங்கள் 1976-இல் டாட்டா-ஃபின்லே என்றும், 1983-இல் டாட்டா டீ என்றும் பெயர் மாறின.

1991-இல் சோவியத் நாடு சிதறியது. தென்னிந்தியத் தேயிலையைக் கப்பல் கப்பலாக வாங்கி வந்த சந்தை அதோடு ஆட்டம் கண்டது. 1998-க்குப் பின் ஏல விலை சரியத் தொடங்கியது. கூலி, அரிசி, விறகு, உரம் எதுவும் கூடவே இறங்கவில்லை. தேயிலை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் ஆள்கூலி. அதற்கும் மேலே லயம், ஆஸ்பத்திரி, குழந்தைக் காப்பகம் முதலிய செலவுகள்.

அதே சமயம் டாட்டா டீ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெட்லி கம்பெனியை 27 கோடியே 10 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. செடி வளர்ப்பதில் உள்ள லாபத்தைவிடப் பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டி விற்பதில் லாபம் அதிகம் என்று அதன் கணக்கு காட்டியது. முடிவு 2005-இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் மூணாறு தோட்டங்கள் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனிக்கு மாறின. அதன் பங்குகளில் பெரும்பகுதியை வாங்கியவர்கள் வெளியூர் முதலாளிகள் அல்லர். அங்கேயே வேலை செய்யும் 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரும் ஊழியரும்தான். டாட்டா நிறுவனம் சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டது.

கொழுந்து கிள்ளும் பெண் அன்றுமுதல் பங்குதாரரும் ஆனாள். ஆனால் ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த பங்குதாரர்கள் எத்தனை பேர்?

ஓட்டினால் நஷ்டம், பூட்டினால் பெருநஷ்டம்

ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

கொழுந்து வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று உண்டு. மாதச் சம்பளம், ஆஸ்பத்திரி, ரோடு பராமரிப்பு, இயந்திரக் கடனுக்கு வட்டி ஆகியவை அதில் அடங்கும். இது நிலைச் செலவு. மாதம் 60 லட்சம் ரூபாய் என்று வைப்போம். கொழுந்து வந்தால் மட்டும் ஆகும் செலவு இன்னொன்று. கிள்ளுகூலி, விறகு, மின்சாரம், சாக்கு ஆகியவை இதைச் சேர்ந்தவை. இது தயாரான தூள் கிலோவுக்கு 90 ரூபாய் என்று கொள்வோம். ஏல விலை கிலோ 140 ரூபாய்.

கொழுந்து கொட்டும் மாதத்தில் ஒன்றரை லட்சம் கிலோ தூள் தயாராகிறது. நிலைச் செலவு கிலோவுக்கு 40 ரூபாய்தான் விழும். ஆக அடக்க விலை 130. கிலோவுக்கு 10 ரூபாய் லாபம்.

பனிக் காலத்தில் ஒரு லட்சம் கிலோதான் தயாராகிறது. அதே 60 லட்சம் இப்போது கிலோவுக்கு 60 ரூபாயாகிறது. அடக்க விலை 150. கிலோவுக்கு 10 ரூபாய் நஷ்டம். விலை மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை; எடை மட்டும் குறைந்தது, லாபம் நஷ்டமாயிற்று.

நஷ்டம்தானே என்று அந்த மாதம் பூட்டிவிடலாமா? ஓட்டினால் நஷ்டம் 10 லட்சம். பூட்டினால் நிலைச் செலவு 60 லட்சமும் நஷ்டம். ஆகவே ஓட்டுவதே மேல். ஆனால் ஏல விலை 90 ரூபாய்க்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றால், ஓட்ட ஓட்ட நஷ்டம் பெருகும். அப்போதுதான் முதலாளிக்குப் பூட்டு நினைவுக்கு வருகிறது.

இடுக்கி மாவட்டத்திலேயே இதைக் கண்டார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. கூலி பாக்கியும் கிராஜுவிட்டியும் கைக்கு வராமல் லயங்களில் தவித்த குடும்பங்கள் பல. நிர்வாகம் கையை விரிக்கும் நாளில் தெரிந்துகொள்வதைவிட, ஏல விலையும் அடக்க விலையும் நெருங்கும்போதே தெரிந்துகொண்டால், பாக்கியைக் கேட்பதற்காவது காலம் கிடைத்திருக்கும்.

சராசரி மறைப்பது

கணக்குக்கு அடுத்தது புள்ளிவிவரம். இதில் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் எளிது.

மூணாற்றில் ஒரு நாள் கூலிக்குக் கிள்ள வேண்டிய அளவு 2015-இல் 21 கிலோ கொழுந்தாக இருந்தது. தூளாக்கினால் ஏறத்தாழ நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்த அளவை 25 கிலோவாக உயர்த்தலாமா என்று ஒரு நிர்வாகம் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் மழைக்குப் பின் ஆறு மாதம் நாளொன்றுக்கு 45 கிலோ கிள்ளுகிறாள். மற்ற ஆறு மாதம் 17 கிலோதான் கிடைக்கிறது. ஆண்டுச் சராசரி 31 கிலோ. "31 கிள்ளுகிறவளுக்கு 25 ஒரு சுமையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவளுக்கு 25 கிலோ கண்ணில் படவே படாது. சராசரி பொய் சொல்லவில்லை. பாதி உண்மையை மட்டும் சொல்லிற்று. மாதவாரியாக எடை எழுதி வைத்திருப்பவர்தான் மறுபாதியைச் சொல்ல முடியும்.

விலைக்கும் இதே விதிதான். கம்பம், போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளர் இதை நன்கு அறிவர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2018 வெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் மகசூலைக் குறைத்ததே காரணம். இரண்டே ஆண்டுகளில் விலை ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. உச்ச விலையை நிரந்தரம் என்று நம்பிக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தால் என்ன ஆகும் என்று கூறத் தேவையில்லை. ஐந்து ஆண்டு விலையை வரிசையாக எழுதிப் பார்ப்பவர் அப்படி இறங்கமாட்டார்.

முப்பது நாள் கூலி

இனி போனஸுக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் குறைந்த அளவு 8.33 சதவீதம், அதிக அளவு 20 சதவீதம் என்று வகுத்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வரம்புகளை வைத்துக்கொண்டுள்ளது. 8.33 என்பது ஏதோ மந்திர எண் அன்று. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. லாபம் இல்லாவிட்டாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் கிடைப்பது லாபத்தைப் பொறுத்தது. லாபத்திலிருந்து தேய்மானம், வரி, மூலதனத்துக்குரிய வருவாய் இவற்றைக் கழித்து மிஞ்சுவதில் பொதுவாக 60 சதவீதம் தொழிலாளருக்குப் பங்கிடத் தக்க தொகை. நல்ல ஆண்டில் 20 சதவீதம் போக மிஞ்சியதை, சட்டம் விதித்த அளவுக்குள், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லவும் வழியுண்டு. "போன வருஷ மிச்சம் எவ்வளவு?" என்று கேட்க இடம் தருவது இந்த விதிதான்.

2015 செப்டம்பரில் மூணாறு நிர்வாகம் 10 சதவீதம் என்று அறிவித்தது. 2013-14-இல் ஏறத்தாழ 15 கோடியாக இருந்த லாபம் 2014-15-இல் 5 கோடி அளவுக்குக் குறைந்துவிட்டது என்பது அதன் கணக்கு. பெண்கள் 20 சதவீதம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தனர். யூனியன் தலைவர்களையும் அருகே விடவில்லை. "பெம்பிளை ஒருமை" என்ற பெயர் நாடெங்கும் கேட்டது. கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை நாட்கணக்கில் அடைபட்டது.

அந்தப் பத்துச் சதவீத வித்தியாசம் எவ்வளவு? அன்றைய நாட்கூலி 232 ரூபாய். வருஷத்தில் 300 நாள் வேலை என்றால் 69,600 ரூபாய். முழுக் கூலியின் மீது போனஸ் கணக்கிடுவதாகக் கொண்டால் 10 சதவீதம் 6,960. 20 சதவீதம் 13,920. வித்தியாசம் 6,960 ரூபாய், அதாவது சரியாக முப்பது நாள் கூலி. பிள்ளையின் பள்ளிச் செலவோ, ஊரில் வட்டி கட்ட வேண்டிய கடனோ அதில்தான் நின்றது.

நிர்வாகத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 12,000 பேர் என்றால் அந்த வித்தியாசம் 8 கோடியே 35 லட்சம். ஆண்டு லாபத்தைவிட அதிகம். இரு பக்கமும் கணக்கு இருந்தது. இரண்டும் ஒரே மேஜையில் முன்கூட்டியே விரிக்கப்படவில்லை என்பதுதான் குறை.

"நீங்களே பங்குதாரர்கள், கம்பெனி லாபம் உங்களுக்குத்தானே" என்ற வாதமும் எழுந்தது. இதையும் எண்ணால் பார்க்கலாம். ஒருவரிடம் 300 பங்கு இருந்து, பங்குக்கு 2 ரூபாய் டிவிடெண்டு கிடைத்தால் ஆண்டுக்கு 600 ரூபாய். போனஸ் வித்தியாசமோ 6,960. சிறு பங்கு வைத்திருக்கும் தொழிலாளிக்கு வீட்டு அடுப்பு எரிவது கூலியாலும் போனஸாலும்தான், டிவிடெண்டால் அன்று. பெண்கள் ஐந்தொகையைப் படித்துப் போராடவில்லை. ஆனால் அவர்கள் போட்ட கணக்கு தப்பவில்லை.

செப்டம்பர் 13-ஆம் தேதி முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, மொத்தம் 20. கைக்கு வந்த பணம் ஒன்றே என்றாலும் பெயர் இரண்டு. பேரேட்டில் போனஸ் குறைந்த அளவிலேயே நிற்கிறது. கருணைத் தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்த ஆண்டுப் பேச்சு 20-இலிருந்து தொடங்காது, 8.33-இலிருந்து தொடங்கும். பேரேடு எழுதும் குமாஸ்தாக்களுக்கு இந்த வேறுபாடு புரியும். கையெழுத்திடுகிறவர்களுக்கும் புரிய வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் நாட்கூலி 232-இலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்டது 500.

நோட்டுப் புத்தகம் போதும்

மூணாற்றுக்கு மட்டுமல்ல, நெல்லியாம்பதித் தோட்டத்துக்கும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். கணக்கு என்பது நிர்வாகத்தின் ரகசியம் அன்று. கம்பெனிகள் ஆண்டுதோறும் ஐந்தொகையையும் லாப நஷ்டக் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பங்குதாரருக்கு அனுப்பவும் வேண்டும்.

தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். தினமும் கிள்ளிய எடை, மாதம் வேலை செய்த நாட்கள், பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகை, பத்திரிகையில் வரும் கொச்சி ஏல விலை ஆகிய நான்கையும் எழுதி வரட்டும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையே எழுதலாம். ஆபீஸில் இருக்கும் நம்மவர்கள் ஓய்வு நேரத்தில் லயத்துக்குச் சென்று, ஐந்தொகையின் நாலு வரியைத் தமிழில் படித்துக் காட்டினால் அது பெரிய தொண்டு.

அடுத்த ஆவணியில் "எத்தனை சதவீதம்?" என்ற கேள்வி மறுபடி எழும். "எதில் சதவீதம், எப்படி வந்தது?" என்று கூடக் கேட்கும் குரல் லயத்திலிருந்தும் எழுந்தால், பேச்சுவார்த்தை மேஜையில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி கிடைத்ததாகப் பொருள்.